காவிரிக்கு ஒரு நியாயம், கனடாவுக்கு ஒரு நியாயமா?

(செனாயில் நடந்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரை)



இன்றைக்கு 'ஷேல் எரிவாயு' பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் சொன்னதும் என் அம்மா, "கேஸ் தோம்பு விலை ஏறப்போகுதா?" என்று கேட்டார். சிரிக்க வேண்டாம். எரிவாயு என்றாலே நமக்கு விலைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. அது எந்த மண்ணிலிருந்து வருகிறது என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். வழக்கமான எரிவாயுக் கிணற்றில் துளை போட்டால் வாயு தானாகவே மேலே வரும். ஷேல் என்பது ஏடு ஏடாகப் படிந்து இறுகிய களிப்பாறை. அதன் நுண்ணிய துளைகளில் சிக்கிய வாயு தானாக வராது. இரண்டு, மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டு, அங்கிருந்து குழாயைக் கிடையாகத் திருப்பி, மணலும் வேதிப்பொருளும் கலந்த தண்ணீரைப் பெரும் அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் விரிசல் உண்டாக்குகிறார்கள். விரிசல் மூடிக்கொள்ளாதபடி மணல் முட்டுக்கொடுக்கும். ஒரு கிணற்றுக்கே ஒரு கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் செலவாவது சாதாரணம். மேலே திரும்பி வரும் தண்ணீர் உப்பும் நச்சும் கலந்தது. அதை ஆற்றில் விட முடியாது. பல இடங்களில் மறுபடியும் பூமிக்குள்ளேயே செலுத்துகிறார்கள். நில அதிர்வுகளுக்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முறையை டெக்சாஸில் ஜார்ஜ் மிட்செல் என்பவரின் நிறுவனம் 1990களின் இறுதியில் வெற்றிகரமாக்கியது. அதன்பின் எரிவாயுவுக்கு வெளிநாட்டை எதிர்பார்த்திருந்த அமெரிக்கா, 2023-ல் திரவ எரிவாயு ஏற்றுமதியில் உலகின் முதல் நாடாகிவிட்டது. ஆனால் பிரான்ஸ் 2011-லேயே இந்த முறைக்குத் தடை போட்டது. இங்கிலாந்தில் லங்காஷயர் பகுதி அதிர்ந்தபின் 2019-ல் நிறுத்தினார்கள்.

இனி காவிரிக்கு வருகிறேன். நம் தாத்தா பாட்டிகளில் பலர் நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர்கள். என் தாத்தாவுக்கு மன்னார்குடிப் பக்கம். அந்த மன்னார்குடி வட்டாரத்தில் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்க 2010-ல் ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். அது ஷேல் அல்ல. ஆனாலும் நெல் விளையும் மண்ணுக்கு ஆபத்து குறைந்ததல்ல. நிலக்கரியிலிருந்து வாயு வரவேண்டுமானால் முதலில் அங்குள்ள நிலத்தடி நீரை இறைத்துக் கொட்ட வேண்டும். கடலோரத்து டெல்டாவில் அப்படிச் செய்தால் உப்பு நீர் உள்ளே வரும் என்று விவசாயிகள் பயந்தார்கள். இயற்கை விவசாயத்தை ஊர் ஊராகச் சொல்லித் திரிந்த நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30-ல் உயிர்விட்டதும் இந்த மீத்தேன் எதிர்ப்புப் பயணத்தில்தான். பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டி என்ற ஊர். 2015-ல் தமிழக அரசு அந்தத் திட்டத்துக்கு இடமில்லை என்று முடிவெடுத்தது.

அதே 2013-ல் இந்திய அரசு ஷேல் கொள்கையை அறிவித்து, பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தேடுவதற்கு இடமும் கொடுத்தது. காவிரிப் படுகையும் அதில் உண்டு. 2016-ல் வந்த புதிய கொள்கையோ எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் எல்லாவற்றுக்கும் ஒரே உரிமம் என்றாக்கிவிட்டது. 2017 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசல் மக்கள் வாரக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்தது ஏன் என்பது இப்போது புரியும். "இது சாதாரண எரிவாயுத் திட்டம்தான்" என்று அதிகாரிகள் சொன்னார்கள். உரிமத்தில் எல்லாமே அடக்கம் என்னும்போது அந்தப் பேச்சை யார் நம்புவார்? 2020-ல் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் வந்தது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த கிணறுகளை மட்டும் அந்தச் சட்டம் தொடவில்லை.

நெடுவாசல் படங்களை அப்போது நானும் கைப்பேசியில் பகிர்ந்தேன். 'விவசாயி வாழ்க' என்று எழுதினேன். இங்கேயும் பலர் அப்படிச் செய்திருப்பீர்கள்.

ஆனால் அன்பர்களே, அதே நேரத்தில் உலகின் இன்னொரு மூலையில் பாறையைப் பிளந்துகொண்டிருந்தது யார் தெரியுமா? நாம்தான்! நம்முடைய பெட்ரோனாஸ், 2012-ல் கனடாவின் புரோகிரஸ் எனர்ஜி நிறுவனத்தை ஏறக்குறைய 520 கோடி கனடிய டாலருக்கு வாங்கியது. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் வடகிழக்கில் மோன்ட்னி என்ற இடத்துப் பாறை வாயுதான் அதன் சொத்து. பெட்ரோனாஸ் முழுக்க முழுக்க அரசாங்கத்துக்குச் சொந்தமானது. அது 2024-ல் அரசாங்கத்துக்குக் கொடுத்த ஈவுத்தொகை 32 பில்லியன் ரிங்கிட். நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் நடப்பது அந்த மாதிரிப் பணத்திலும்தான். அதை நான் மறுக்கவில்லை.

2015 ஆகஸ்டில் அங்கே 4.6 அளவில் ஒரு நிலநடுக்கம் வந்தது. அந்த நிறுவனம் பாறையில் விரிசல் உண்டாக்கியதுதான் காரணம் என்று மாநில ஒழுங்குமுறை ஆணையமே சொன்னது. அதே ஆண்டு மே மாதம், பசிபிக் கரையில் திரவ எரிவாயு ஆலை அமைப்பதற்காக லாக்ஸ் குவாலாம்ஸ் என்ற பூர்வகுடி மக்களுக்கு 40 ஆண்டுகளில் நூறு கோடி டாலருக்கு மேல் தருவதாகச் சொன்னார்கள். சால்மன் மீன் குஞ்சுகள் வளரும் இடம் அது என்பதால் வேண்டாம் என்று கூடி முடிவெடுத்தார்கள். நூறு கோடி! நம்மில் எத்தனை பேருக்கு அப்படிச் சொல்ல மனம் வரும்? பிறகு அவர்களுடைய புதிய தலைமை 2017-ல் உடன்பாட்டுக்கு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியில் சந்தை விலை சரியில்லை என்று பெட்ரோனாசே 2017 ஜூலையில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. ஆனால் கிணறுகள் நிற்கவில்லை. கிட்டிமாட்டில் கட்டிய வேறொரு ஆலையில் பெட்ரோனாசுக்கும் பங்கு உண்டு. முதல் கப்பல் 2025 ஜூனில் புறப்பட்டது. அந்த ஊரின் ஹைஸ்லா பூர்வகுடியினர் இந்த ஆலையை ஆதரித்தார்கள். எல்லாப் பூர்வகுடியினரும் ஒரே குரல் என்று நாம் நினைத்துக்கொள்ளக் கூடாது.

எனக்கு மிக முக்கியமாகப் பட்டது 2021 ஜூனில் வந்த ஒரு தீர்ப்பு. புளூபெரி ரிவர் மக்கள், தங்கள் வேட்டைக்காடு துண்டு துண்டாகப் போய்விட்டது என்று மாநில அரசின் மீது வழக்குப் போட்டார்கள். ஒவ்வொரு கிணற்றையும், சாலையையும், குழாயையும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஒவ்வொன்றுக்கும் அனுமதித் தாள் இருக்கிறது. எல்லாம் சேர்ந்தபோது வேட்டையாட இடமே மிச்சமில்லை. அப்படி அனுமதித்துக்கொண்டே போனது பழைய உடன்படிக்கையை மீறிய செயல் என்று நீதிமன்றம் சொன்னது. 2023-ல் புதிய ஒப்பந்தம் போட்டு, ஆண்டுக்கு இவ்வளவு நிலத்தைத்தான் தொடலாம் என்று வரம்பு வைத்தார்கள். காவிரி விவசாயி கேட்டதும் இதைத்தான். ஒரு கிணற்றைக் காட்டி அனுமதி கேட்காதே, மொத்தக் கணக்கைக் காட்டு என்றார்.

"நிலக்கரியைவிட இது மேலல்லவா?" என்று இங்கே ஒரு நண்பர் கேட்டார். எரியும்போது மேல்தான். நம் ஜொகூரிலேயே தஞ்சோங் பின்னில் நிலக்கரி நிலையம் இருக்கிறது. எரிவாயு நிலையம் விடும் கரியமிலவாயு அதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் கிணற்றிலும் குழாயிலும் கசியும் மீத்தேன், 20 ஆண்டுக் கணக்கில் கரியமிலவாயுவைவிட 80 மடங்குக்கு மேல் சூடேற்றும். கசிவை அளக்காமல் 'சுத்தமான எரிபொருள்' என்று சொல்வது பாதிக் கணக்கு.

செனாயில் உட்கார்ந்து இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இந்தக் கூலாய் மாவட்டத்தில் எண்ணெய்ப்பனை நின்ற நிலங்களில் இன்று தரவு மையங்கள் எழும்புகின்றன. இரவும் பகலும் மின்சாரம் குடிப்பவை அவை. ஜொகூரின் பெங்கெராங்கில் இறக்குமதி எரிவாயுவுக்கென்று 2017-லேயே முனையம் திறந்தாகிவிட்டது. கப்பலில் வரும் வாயு எந்த ஊர்ப் பாறையிலிருந்து வந்தது என்று விளக்கு நமக்குச் சொல்லாது.

பெட்ரோனாஸ் ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுகிறது. இந்தப் பேச்சுக்காகத்தான் நான் அதை முதன்முதலாகத் திறந்தேன். நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்க இரண்டு கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். கனடாக் கிணறுகளுக்கு ஆண்டுக்கு எவ்வளவு தண்ணீர் போகிறது? கசியும் மீத்தேனை அளப்பது நிறுவனமா, வெளியாளா? பதில் வந்தால் இதே நிகழ்ச்சியில் படிக்கிறேன். மணி அடித்துவிட்டார்கள், அடுத்த பேச்சாளர் காத்திருக்கிறார்.