ஆடு குட்டி போட்ட சேதி



வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் பட்டாளத்துக்குப் போவதால் ராணுவப்பேட்டை என்றே அந்த ஊருக்குப் பெயர் நின்றுவிட்டது. அதே மாவட்டத்தில் வேறொரு கிராமத்தில் நான் தபால்காரராக வேலை பார்த்தேன். எங்கள் ஊரிலிருந்து காலாட்படைக்குத் தேர்வான பையன்கள் பெரும்பாலும் குன்னூரை ஒட்டிய வெலிங்டனுக்குத்தான் போவார்கள். 1758-இல் தொடங்கிய மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் அங்கேதான் இருக்கிறது.

விடியுமுன் ஓட்டம், பி.டி., டிரில், துப்பாக்கியைக் கழற்றி மாட்டுவது, ஃபயரிங், முதுகில் சுமையோடு ஓடுவது, வரைபடத்தை வைத்து இரவில் வழி கண்டுபிடிப்பது என்று பயிற்சி படிப்படியாக ஏறும். இதையெல்லாம் விளக்கமாகச் சொல்ல, அங்கே உஸ்தாதாக, அதாவது பயிற்சி ஆசிரியராக, இருந்து பழக்கியவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்தது வீட்டுத் திண்ணை. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா. எழுத்து தெரியாது. மகனிடமிருந்து இன்லேண்ட் லெட்டர் வந்தால் நான்தான் படித்துக் காட்ட வேண்டும். ஒருநாள் வந்த கடிதத்தில், சாப்பாடு நன்றாக இருக்கிறது, குளிர் பழகிவிட்டது, காலில் ஒன்றுமில்லை, நன்றாக ஓடுகிறேன் என்று எழுதியிருந்தான். அந்த அம்மா கையை நீட்டி என்னை நிறுத்தினார். "தம்பி, அதை இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன். "கால்ல ஒண்ணுமில்லேன்னு எதுக்கு எழுதுறான்? நான் கேக்கவே இல்லியே" என்றார்.

புது பூட்ஸ் குதிகாலைக் கடித்திருக்கிறது. மகன் மறைத்ததைத் தாய் கண்டுபிடித்துவிட்டார். பயிற்சியில் இருக்கும் பிள்ளையின் கடிதத்தை வீட்டார் எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அன்றைக்குத்தான் நான் தெரிந்துகொண்டேன்.

பதில் எழுதும்போது, காலைப் பற்றி விசாரித்து எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். "நான் கவலைப்படுறேன்னு தெரிஞ்சா அவனுக்கு ஓட்டம் வராது. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு, ஒண்ணு கறுப்பு, இன்னும் பால் குடிக்கப் பழகலேன்னு எழுது" என்றார். அப்படியே எழுதினேன்.

பயிற்சி முடித்து லீவில் வந்த அந்தப் பையன் என்னைத் தேடி வந்தான். மதராஸ் ரெஜிமெண்டில் தமிழ்ப் பையன்களோடு கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் இருப்பார்கள் அல்லவா? பாரக்கில் பக்கத்துக் கட்டில்காரன் மலையாளி. அடுத்தவன் தெலுங்கு. அந்தக் கறுப்புக் குட்டி பால் குடித்ததா இல்லையா என்று வாரக் கணக்கில் அவர்கள் இவனை விசாரித்துக்கொண்டே இருந்தார்களாம்!

தாய்மார்களே, கவனியுங்கள். அந்தப் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல உஸ்தாத் இருக்கிறார். வீட்டிலிருந்து போக வேண்டியது வீட்டுச் சேதிதான். கடன், சண்டை, வைத்தியச் செலவு எல்லாம் லீவில் வந்ததும் பேசிக்கொள்ளலாம்.

இப்போது கைப்பேசி இருக்கிறதே என்பீர்கள். பயிற்சிக் காலத்தில் நினைத்த நேரமெல்லாம் அவர்களால் பேச முடியாது. கிடைக்கிற சில நிமிடங்களையும் அழுது கரைத்துவிடுகிறோம். ஒரு கடிதம் என்றால் பிள்ளை அதைத் தலையணைக்கடியில் வைத்துத் திரும்பத் திரும்பப் படிப்பான். அக்னிபத் திட்டம் 2022-இல் வந்த பிறகு பணிக்காலமே நான்கு ஆண்டு. அப்படிச் சேர்ந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர் வரைதான் நிரந்தரப் பணிக்குப் போக முடியும். அதனால் இன்றைய பிள்ளைக்கு மனபாரம் கூடுதல். வீட்டின் தைரியமும் அவனுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கிறது.

பயிற்சி நிறைவில் தேசியக் கொடிக்கு முன்னால் உறுதிமொழி எடுக்கும் கசம் பரேட் நடக்கும். பெற்றோரை அழைப்பார்கள். எப்பாடுபட்டாவது போய்விடுங்கள். அணிவகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி தெரிவார்கள், ஆனாலும் உங்கள் பிள்ளையை நடையை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள். பயிற்சியில் இருக்கும் ஒவ்வொரு பிள்ளையும் அந்த நாளை நல்லபடியாக எட்டட்டும். அதுவரை வாரம் ஒரு கடிதமாவது உங்கள் வீட்டிலிருந்து மலையேறட்டும்.