தாம்பரம் வழியாகக் கருந்துளைக்கு



விழுப்புரத்தில் ரயிலேறினால் திண்டிவனம், செங்கல்பட்டு, அப்புறம் தாம்பரம். அங்கே சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இயற்பியல் படித்தவர் ரமேஷ் நாராயண், அறிவியலாளர் ஜி.என்.ராமச்சந்திரனின் மகன். ஹார்வர்டில் கருந்துளைகளை ஆராய்பவர்.

அந்தக் கருந்துளைகளில் ஒரு புதிர் உண்டு. 1918-இல் வானியலாளர் ஹீபர் கர்ட்டிஸ், எம்87 விண்மீன் மண்டலத்தில் நேர்க்கோடாய் நீளும் ஒளிக்கீற்றைக் கண்டார். அதன் நீளம் பல ஆயிரம் ஒளியாண்டு. அடியில் இருப்பதோ 650 கோடி சூரிய நிறையுள்ள கருந்துளை. விழுங்குவதற்கென்றே இருப்பது எப்படி ஐயா பீய்ச்சியடிக்கும்?

விடைக்கு வழி திறந்தவர்களில் ஒருவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். சுழலும் பாய்மத்தைக் காந்தப்புலம் நிலைகுலைக்கும் என்று வெலிகோவ் 1959-இலும், இவர் 1960-இலும் கணக்கிட்டுக் காட்டினார்கள். கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டுக்கு அது எவ்வளவு முக்கியம் என்பதை பால்பஸும் ஹாலியும் 1991-இல்தான் எடுத்துரைத்தார்கள். தட்டின் உள்வட்டம் வேகமாகவும் வெளிவட்டம் மெதுவாகவும் சுற்றும். இரண்டையும் காந்தக்கோடு ரப்பர் கயிறாய்ப் பிணைக்கிறது. உள்வட்டப் பொருள் தன் சுழற்சியை வெளியே கொடுத்துவிட்டு உள்ளே விழுகிறது. காந்தக்கோடுகளும் கூடவே போகின்றன. சுழலும் கருந்துளை அவற்றை முறுக்குகிறது. முறுக்கேறிய புலம் இரு துருவங்களிலும் பொருளை ஒளிவேகத்தை நெருங்க உந்துகிறது.

இதைச் செய்துபார்க்க ஆய்வகம் ஏது? கணினிதான்! வெளியைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அடர்த்தி, வேகம், காந்தப்புலம் அடுத்த கணத்தில் என்னவாகும் என்று கணக்கிட்டுக்கொண்டே போகிறார்கள். 2011-இல் செக்கோவ்ஸ்காய், நாராயண், மெக்கின்னி மூவரும் வேகமாகச் சுழலும் கருந்துளைக்கு அப்படிக் கணக்கிட்டார்கள். விழுந்த பொருளின் ஆற்றல் 100 என்றால், வெளியேறியது சுமார் 140! கூடுதல் 40 கருந்துளையின் சுழற்சியிலிருந்து வந்தது. பிளாண்ட்ஃபோர்டும் ஸ்நாயெக்கும் 1977-இல் தாளில் எழுதியதற்குக் கணினி சாட்சி சொன்னது. 2021-இல் வெளியான எம்87 படத்திலும், கருந்துளையின் விளிம்பில் வலுவான காந்தப்புலத்தின் தடம் தெரிந்தது.

மாணவர்களே, இப்படிக் கணக்கிடுவதற்கான நிரல்கள் பல இலவசம். இரு பரிமாணத்தில் சிறிய அளவில் ஓட்டிப் பார்க்க மேசைக் கணினி போதும். திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அரசு கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. பொறுப்பில் உள்ளவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: மாலை நேரத்தில் கணினி அறையைப் பூட்டாதீர்கள். வகையீட்டுச் சமன்பாட்டைத் தேர்வுக்காக மட்டும் படித்த பிள்ளை, அது திரையில் சுழன்று பீய்ச்சுவதை ஒருமுறை பார்க்கட்டும். அடுத்த கேள்வியை அவளே கேட்பாள்.