பென்ஷன்காரர் மறைந்தால் குடும்பத்திற்கு என்ன உண்டு?



சாவைப் பற்றி வீட்டில் பேசக்கூடாது என்பார்கள். விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தச் சொல்லை எடுத்தாலே பாட்டிமார் அதட்டுவார்கள். ஆனால், பேசாமல் விட்ட காரணத்தால் எத்தனையோ குடும்பங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு இலாகா இலாகாவாக அலைகின்றன. ஆகவே, பேச வேண்டியதைப் பேசிவிடுவோம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இறந்துவிட்டால், அவருடைய மனைவி மக்களுக்கு என்னென்ன கிடைக்கும், அதைப் பெற என்ன செய்யவேண்டும் என்பதே இன்றைய பேச்சு.

"நாங்கள் பால்மரம் வெட்டியவர்கள், செம்பனைக் குலை அறுத்தவர்கள், எங்களுக்கு ஏது பென்ஷன்?" என்று சிலர் நினைக்கலாம். சற்றுப் பொறுங்கள். கோல சிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், ஈஜோக், 2007-ஆம் ஆண்டில் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிய பத்தாங் பெர்ஜுந்தை, வடக்கே தஞ்சோங் காராங், சபாக் பெர்ணம் என்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களை எண்ணிப் பாருங்கள். இங்கே பிறந்தவர்களில் எத்தனை பேர் ஜே.கே.ஆரில் ரோடு போடப் போனார்கள்! எத்தனை பேர் நெல் வயல்களுக்குத் தண்ணீர் விடும் பாரிட் இலாகாவில் வேலை செய்தார்கள்! மருத்துவமனைச் சிப்பந்திகள், ரயில்வே தொழிலாளர்கள், நகராண்மைத் துப்புரவுப் பணியாளர்கள், என்னைப் போன்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் என்று ஒரே லயத்திலிருந்து புறப்பட்டவர்கள் பலர். தகப்பனார் தோட்டத்து ஆள், மகன் அரசாங்க ஆள் என்ற குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. எனவே, இது நம் வீட்டு விஷயந்தான்.

முதலில் பென்ஷன் என்றால் என்ன என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். மத்திய, மாநில அரசாங்க ஊழியர்களின் பென்ஷனுக்கு 1980-ஆம் ஆண்டின் 227-ஆம் சட்டம் ஆதாரம். நகராண்மைக் கழகம் போன்ற ஊராட்சி மன்றங்களில் வேலை செய்தவர்களுக்கு அதே 1980-ஆம் ஆண்டின் 239-ஆம் சட்டம் உண்டு. சட்டம் இரண்டானாலும் கணக்கு ஒன்றுதான். வேலை செய்த மாதங்களைக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கி, 600-ஆல் வகுக்கவேண்டும். ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒருவர் 25 ஆண்டுகள், அதாவது 300 மாதங்கள் வேலை செய்தார். கடைசிச் சம்பளம் 2,000 வெள்ளி. அவருடைய பென்ஷன் மாதம் 1,000 வெள்ளி. எத்தனை ஆண்டுகள் உழைத்தாலும் கடைசிச் சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேல் போகாது.

இதைத் தவிர, ஓய்வு பெறும்போது ஒரு மொத்தத் தொகையும் கிடைக்கும். அதைப் பணிக்கொடை என்கிறோம். மாதங்களைச் சம்பளத்தால் பெருக்கி, அதில் நூற்றுக்கு ஏழரை பங்கு எடுத்தால் அந்தத் தொகை வரும். நாம் சொன்ன உதாரணத்தில் அது 45,000 வெள்ளி.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ஓய்வு பெற்றவர் பிற்பாடு இறந்தால் மறுபடியும் ஒரு பணிக்கொடை வரும் என்று காத்திருக்கிறார்கள். வராது. அது அவர் கையிலேயே கொடுத்து முடிந்த பணம். வேலையில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால்தான் அந்தத் தொகை குடும்பத்திற்குப் போகும். ஓய்வு பெற்றபின் இறந்தவரின் குடும்பத்திற்கு உரியவை இரண்டு. ஒன்று, ஈமச் செலவுக்கு உதவியாக ஒருமுறை கொடுக்கப்படும் 3,000 வெள்ளி. இலாகாவில் இதை "பந்துவான் மெங்குருஸ் ஜெனாஸா" என்பார்கள். மற்றொன்று, மாதந்தோறும் வரும் குடும்பப் பென்ஷன். மலாயில் "பென்சென் தெர்பித்தான்". இந்த இரண்டு பெயர்களையும் மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். கவுண்டரில் கேட்கும்போது உதவும்.

குடும்பப் பென்ஷன் எவ்வளவு? முன்னொரு காலத்தில் பன்னிரண்டரை ஆண்டுகள் முழுத் தொகை, அதற்குப் பின் நூற்றுக்கு எழுபது என்று குறைத்தார்கள். அந்தக் குறைப்பு இப்போது இல்லை. நம் உதாரணத்தில், கணவருக்கு வந்த அந்த 1,000 வெள்ளி மனைவியின் ஆயுள் உள்ளவரை வரும். விதவை மறுமணம் செய்துகொண்டால் பென்ஷன் நின்றுவிடும் என்ற பழைய விதியும் இப்போது இல்லை. இளம் வயதிலே கணவனை இழந்த பெண்கள் இதை அறிந்திருப்பது நல்லது. பென்ஷன் வாங்கிய பெண் இறந்தால் கணவருக்கும் இதே உரிமை உண்டு.

பிள்ளைகளுக்கு? மணமாகாத பிள்ளைகளுக்கு 21 வயதுவரை உரிமை உண்டு. மேல்படிப்புப் படிக்கும் பிள்ளையாக இருந்தால் முதல் பட்டம் முடியும்வரை உண்டு. உடலாலோ மனத்தாலோ நிரந்தரமாகக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இந்த வயதுக் கட்டுப்பாடு கிடையாது. அப்படிப்பட்ட பிள்ளையை வீட்டுக்குள்ளே மறைத்து வைக்காமல், மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்கி வையுங்கள். தாய் தகப்பனுக்குப் பின் அந்தப் பிள்ளைக்குச் சோறு போடப்போவது அந்தச் சான்றுதான்.

இன்னொன்று. குடும்பப் பென்ஷன் பெறுவோருக்கும் அரசாங்க மருத்துவமனையில் சிகிச்சைச் சலுகை உண்டு. முதுமையில் இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மாதாமாதம் மருந்து வாங்குகிறவர்களுக்கு இது சிறிய உதவியல்ல.

சரி, யாருக்குக் கிடைக்காது? இறந்தவரின் தாய்க்கு, தம்பிக்கு, மணமான மகனுக்குக் குடும்பப் பென்ஷன் கிடையாது. "என் மகன்தான் என்னைப் பார்த்துக் கொள்கிறான், பென்ஷனை அவன் பேருக்கு எழுதி வைக்கிறேன்" என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். பென்ஷனை உயில் எழுதி வைக்க முடியாது. அது வீடு வாசல் போன்ற சொத்தல்ல. சட்டம் யாரைச் சொல்கிறதோ அவருக்கே போகும். சட்டம் சொல்வது, சட்டப்படியான மனைவி அல்லது கணவர், பிள்ளைகள்.

நேயர்களே, "சட்டப்படியான" என்ற அந்தச் சொல்லில்தான் நம் ஜனங்களின் கண்ணீர் இருக்கிறது.

1976-ஆம் ஆண்டில் திருமண, மணவிலக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அது 1982 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்தது. அந்தத் தேதிக்கு முன் நம் முறைப்படி கோயிலிலோ வீட்டிலோ தாலி கட்டி நடந்த திருமணத்தைச் சட்டம் ஏற்றுக்கொள்கிறது. அந்தத் தேதிக்குப் பின் நடந்த திருமணத்தைப் பதிவு செய்தே ஆகவேண்டும். மாரியம்மன் கோயிலில் ஊரே கூடி, மேளதாளத்தோடு தாலி ஏறியிருக்கலாம். ஐயர் மந்திரம் ஓதியிருக்கலாம். ஆனால், இலாகா கேட்பது பத்திரத்தை. "நாற்பது வருஷம் அவரோடு குடும்பம் நடத்தினேன், நான் மனைவி இல்லையா?" என்று ஒரு தாய் கேட்டால், ஊர் முழுவதும் "ஆமாம்" என்று சொல்லும். ஊர் சொல்வதைக் கவுண்டரில் உள்ளவர் ஃபைலில் சேர்க்க முடியாதே! அப்போது கோர்ட்டு, வக்கீல் என்று போகவேண்டி வரும்.

ஆகவே, 1982-க்குப் பின் மணம் செய்து இன்னும் பதியாதவர்கள் இருந்தால், இன்றே தேசியப் பதிவு இலாகாவுக்குப் போய்ப் பதியுங்கள். பேரன் பேத்தி எடுத்த வயதில் கல்யாணப் பதிவா என்று வெட்கப்பட வேண்டாம். பதிவேட்டில் கையெழுத்துப் போட இரண்டு பேரும் வேண்டும். ஒருவர் போனபின் மற்றவர் மட்டும் போய் நிற்பதில் பயனில்லை.

அதே சட்டம் இன்னொன்றையும் சொல்கிறது. முஸ்லிம் அல்லாதவருக்கு, முதல் திருமணம் முறைப்படி முடிவுக்கு வராதிருக்கும்போது, 1982-க்குப் பின் செய்துகொள்ளும் இரண்டாவது திருமணம் செல்லாது. இரண்டாந்தாரமாக ஒருவருக்குப் பெண்ணைக் கொடுக்கும் பெற்றோர் இதை நினைவில் வைக்கவேண்டும். அந்தப் பெண் எத்தனை காலம் அவருக்குச் சமைத்துப் போட்டாலும் குடும்பப் பென்ஷன் அவளை எட்டிப் பார்க்காது.

அடுத்தது பெயர்க் குழப்பம். மாலை நேரங்களில் பாரம் நிரப்பித் தரச் சொல்லிப் பள்ளிக்கூடத்திற்கு வருகிறவர்களிடம் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான். அடையாள அட்டையில் பாப்பாத்தி. திருமணப் பத்திரத்தில் பார்பதி. கணவருடைய சேவைப் புத்தகத்தில் பார்வதி. மூன்றும் ஒரே அம்மாள் என்பது நமக்குத் தெரியும். தாள்களுக்குத் தெரியாதே! அந்தக் காலத்தில் கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். அதன் பலனை இன்று நாம் அனுபவிக்கிறோம். கணவர் இருக்கும்போதே எல்லாப் பத்திரங்களையும் ஒன்றாக வைத்துப் பெயர், அடையாள அட்டை எண் இரண்டையும் ஒத்துப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒருவருடையதே" என்று சத்தியப்பிரமாண ஆணையர் முன் எழுதி வாங்கிக் கொள்ளலாம்.

இனி, இறப்பு நேர்ந்தபின் செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதல் வேலை, இறப்புப் பத்திரம். இரண்டாவது, தகவல் கொடுப்பது. பென்ஷன் பணத்தைப் பட்டுவாடா செய்யும் பொறுப்பு 2015-ஆம் ஆண்டிலிருந்து கே.டபிள்யூ.ஏ.பி. எனப்படும் ஓய்வூதிய நிதியகத்தின் கையில் இருக்கிறது. அங்கே தெரிவிக்கவேண்டும். கையில் இருக்கவேண்டியவை: இறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், இருவரின் அடையாள அட்டை, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், இறந்தவரின் ஓய்வூதியர் அட்டை, மனைவியின் பெயரில் உள்ள வங்கிக் கணக்குப் புத்தகம். தனக்கென்று கணக்கில்லாத தாய்மார்கள் இப்போதே ஒன்று திறந்து வையுங்கள்.

தகவல் கொடுக்காமல் இருந்தால் என்ன ஆகும்? இறந்தவரின் கணக்கில் பென்ஷன் தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும். மகன் ஏ.டி.எம். அட்டையை வைத்து எடுத்துக்கொண்டே இருப்பான். "அப்பா பணந்தானே" என்பான். அப்பா கண்மூடியபின் வரும் அந்தப் பணம் அப்பாவுடையதல்ல. கூடுதலாகக் கொடுத்ததை அரசாங்கம் திரும்பக் கேட்கும். பிள்ளை செலவழித்ததைத் தாய் கட்டவேண்டிய நிலை வரலாம். உடனே தெரிவித்தால், அதே பணம் தாயின் பெயரிலேயே நேர்மையாக வந்து சேருமே!

வட்டிக்காரரிடம் ஏ.டி.எம். அட்டையை அடகு வைக்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கிறது. தயவு செய்து அதைச் செய்யாதீர்கள். பென்ஷனை யாருக்கும் அடகாகவோ கடனுக்கு ஈடாகவோ கொடுக்கச் சட்டத்தில் இடமில்லை. அட்டை கைமாறினால் மாதந்தோறும் அவர் கொடுத்ததே உங்களுக்குக் கூலி. அதேபோல், "நான் எடுத்துத் தருகிறேன், இவ்வளவு கொடு" என்று வரும் தரகர்களையும் நம்பாதீர்கள். இந்த விண்ணப்பத்திற்குக் கட்டணம் கிடையாது.

பென்ஷன் இல்லாத தோட்டத் தொழிலாளர் குடும்பங்களுக்கும் சில வார்த்தைகள். உங்களுக்கு 1951-இல் தொடங்கிய ஊழியர் சேமநிதி இருக்கிறது. 1971-இல் தொடங்கிய சொக்சோ இருக்கிறது. சேமநிதி பென்ஷனுக்கு நேர்மாறானது. அங்கே நீங்கள் யார் பெயரை எழுதி வைக்கிறீர்களோ அதுதான் முக்கியம். முஸ்லிம் அல்லாத உறுப்பினர் குறித்து வைத்த பெயருக்கே பணம் போகும். கல்யாணத்திற்கு முன் அம்மா பெயரை எழுதிவிட்டு, மனைவி பிள்ளைகள் வந்தபின் மாற்றாமல் விட்டவர்கள் எத்தனை பேர்? உயில் எழுதினாலும் அந்தப் பெயர் மாறாது. நீங்களேதான் போய் மாற்றவேண்டும். பெயரே எழுதாமல் விட்டால், பெருந்தொகைக்குச் சொத்து நிர்வாகப் பத்திரம் வாங்கி வரச் சொல்வார்கள். 60 வயதுக்குள் உறுப்பினர் இறந்தால், குடும்பத்திற்கு 2,500 வெள்ளி இறப்பு உதவியும் சேமநிதி வாரியம் வழங்குகிறது. அதை 6 மாதத்திற்குள் கேட்கவேண்டும்.

சொக்சோவில், தேவையான சந்தா கட்டியிருந்த தொழிலாளி 60 வயதுக்குள் இறந்தால், எந்தக் காரணத்தால் இறந்தாலும் குடும்பத்திற்கு மாதப் பென்ஷன் உண்டு. மனைவிக்கு ஐந்தில் மூன்று பங்கு, பிள்ளைகளுக்கு ஐந்தில் இரண்டு பங்கு. "வேலையில் அடிபட்டால்தான் சொக்சோ" என்று நினைத்து, மாரடைப்பால் போனவரின் குடும்பம் கேட்காமலே இருந்துவிடுவது பெருந்தவறு.

அரசாங்க வேலையிலும் எல்லாருக்கும் பென்ஷன் என்று எண்ணிவிடக் கூடாது. சிலர் பென்ஷனுக்குப் பதிலாகச் சேமநிதியைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். 2024 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து புதிதாகச் சேர்கிறவர்கள் சேமநிதித் திட்டத்தின்கீழ்தான் வருகிறார்கள். உங்கள் வீட்டுக்காரர் எந்தத் திட்டம் என்பதை அவரிடமே கேட்டு வையுங்கள்.

தாய்மார்களே, இன்றிரவு ஒரு வேலை செய்யுங்கள். அடையாள அட்டை, திருமணப் பத்திரம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், பென்ஷன் தாள், சேமநிதி, சொக்சோ தாள்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபோனவர்கள் புதிய விலாசத்தையும் தெரிவித்து விடுங்கள். பழைய லயத்திற்கு வரும் கடிதத்தை இனி யார் வாங்கித் தருவார்? உறை எங்கே இருக்கிறது என்பதை வீட்டில் இரண்டு பேருக்காவது சொல்லி வையுங்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று பக்கத்தில் உட்கார்ந்து பெயர்களைச் சரிபார்க்கட்டும்.

வெயிலிலும் மழையிலும் ரோடு போட்டவரின் உழைப்பு அவரோடு போய்விடக் கூடாது. அவருடைய மனைவி, வயதான காலத்தில் யார் வீட்டு வாசலிலும் நிற்காமல், தன் கணக்கில் வந்த பணத்தைத் தன் கையால் எடுத்து அரிசி வாங்கவேண்டும். அது தர்மமல்ல, அவர் உழைத்துச் சேர்த்த உரிமை.