நோயாளியின் சொல்லும் ஓர் அமானிதமே

 

மருத்துவமனையில் நம் பெரியவர் ஒருவர் நோய் முற்றிக் கிடக்கிறார். செவிலியர் அருகமர்ந்து, "ஐயா, உங்கள் நோயைப் பற்றி என்ன அறிந்திருக்கிறீர்கள்? உடல்நிலை மோசமானால் சுவாசக் கருவி பொருத்தச் சம்மதமா? உங்களால் பேச இயலாவிடில் யாரைக் கேட்க வேண்டும்?" என்று வினவுகிறார். உடனே பிள்ளைகள், "மவுத்தைப் பற்றி ஏன் பேசுகிறீர்கள்?" என்று சினந்து தடுத்துவிடுகின்றனர்.

அக்கேள்வி அபசகுனமன்று, நோயாளியின் உரிமை. நபி (ஸல்) அவர்கள் இறுதி நோயுற்றிருந்தபோது, வேண்டாமெனச் சைகை செய்தும் வீட்டார் அவர்களது வாயில் மருந்தூற்றினர். நோயாளிக்கு மருந்தின்மேல் உண்டாகும் வெறுப்பே அது என்று எண்ணிவிட்டனர். தெளிவு பெற்றதும் நபியவர்கள் அதனைக் கண்டித்தார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரியில் உள்ளது. அன்பின் பெயராலும் நோயாளியின் சொல்லை மீறலாகாது என்பதே இதில் நமக்குள்ள படிப்பினை.

உயிரைப் போக்கும் செயல் ஹராம், அதில் ஐயமில்லை. ஆயின் பயன் தராதெனத் தேர்ந்த மருத்துவர்கள் உறுதிப்படுத்திய கருவிச் சிகிச்சையை விடுவது வேறு. மூளைச்சாவு உறுதியானால் கருவிகளை அகற்றலாமென 1986-இல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி தீர்மானித்தது. மற்ற நிலைகளில் ஆலிம்களிடமும் மருத்துவரிடமும் கலந்து முடிவெடுங்கள்.

நாட்டுச் சட்டமும் இதற்கு வழி வைத்துள்ளது. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9-இல் இவ்வுரிமையை ஏற்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கியது. தெளிந்த அறிவுள்ள, வயதுவந்த ஒருவர் தம் விருப்பத்தை எழுதி, இரு சாட்சிகள் முன் கையொப்பமிட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியிடம் சான்று பெறலாம். தமக்காகப் பேச வேண்டியவரின் பெயரையும் அதில் குறிக்கலாம். பின்னர் மாற்றவும் செய்யலாம். அவர் பேச இயலாத நிலையில்தான் அது நடைமுறைக்கு வரும். அப்போதும் மருத்துவக் குழுக்கள் ஆராய்ந்த பின்னரே.

சொத்துக்கு வஸிய்யத் எழுதும் நாம், உடலைப் பற்றி ஒரு சொல்லும் கேளாதிருக்கிறோம். பின்னர் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் அண்ணன் தம்பிகள் பிணங்குகின்றனர். உள்ளே இருப்பவரோ பேச இயலாதவராய்க் கிடக்கிறார்.

ஆகவே, உடல் நலமாயிருக்கும்போதே கேளுங்கள். வீட்டிலிருக்க விருப்பமா, மருத்துவமனையிலா? எச்சிகிச்சை வேண்டும், எது வேண்டாம்? கலிமாவை நினைவூட்ட யார் அருகிருக்க வேண்டும்? தாய்மார்களையும் கேளுங்கள், மகன் பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடாதீர்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் செவிலியர் இல்லம் தேடி வந்தால், அவரிடமும் மனந்திறந்து பேசுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஈமானோடு கூடிய நல்ல முடிவைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.