எல்லைக் கல்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



பிழைப்பின் பொருட்டு வடபுலம் வந்து, பிலாயில் நிறுவனம் தந்த குடியிருப்பிலே காலங்கழிக்கும் நம் எல்லோருக்கும் ஓர் ஆசை உண்டு. ஓய்வு பெற்றபின் சொந்த ஊரில் நமக்கென ஒரு வீடு வேண்டும் என்பதே அது. அதற்காக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிப் பொருள் சேர்க்கிறோம். ஆனால் வாங்கும் மனையை அளந்து பார்த்து வாங்குகிறோமா?

எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறோம். உறவினர் ஒருவர் பார்த்துச் சொன்ன மனை அது. பத்திரத்தில் அகலம் 40 அடி, நீளம் 60 அடி. ஆக 2400 சதுர அடி, ஒரு கிரவுண்டு. "அளந்து பார்ப்போம்" என்று சொல்ல எங்களுக்கு நா எழவில்லை. உறவினரை ஐயுறுவதாகுமே என்று அஞ்சினோம். நான்கு நாள் விடுப்பிற் சென்று பத்திரம் முடித்துத் திரும்பினோம். ஆண்டுகள் பல கழித்து, வீடு கட்டக் கடைக்கால் தோண்டும்போது அளந்தால், அகலம் 37 அடியே இருந்தது! நாங்கள் வாங்குமுன்பே நின்றிருந்த பக்கத்து வீட்டு மதில், எங்கள் மண்ணில் மூன்றடி உள்ளே இருந்தது. அவ்வீட்டாரும் வஞ்சகர் அல்லர். எல்லைக் கல் பெயர்ந்து போனமையால், தம் நிலமென்றே நம்பிக் கட்டியவர். வழக்காடி வென்றாலும், அவர்களோடு முகங்கொடுத்து வாழ்வது எங்ஙனம்? 180 சதுர அடியை விட்டுக்கொடுத்து, வீட்டைச் சுருக்கிக் கட்டினோம். வரைபடத்தில் அம்மாவுக்கென்று ஒதுக்கிய அறை இல்லாமற் போயிற்று. அவர் கடைசிவரை கூடத்திலேயே கட்டிலிட்டுப் படுத்தார்.

பத்திரம் பதிவாகிவிட்டால் எல்லையும் உறுதியாகிவிட்டது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். அது தவறு. பதிவு அலுவலர் பத்திரத்தைப் பதிவு செய்கிறாரே யன்றி, மனைக்குச் சென்று சங்கிலி பிடித்து அளப்பதில்லை. வில்லங்கச் சான்று கடனையும் கைமாற்றத்தையும் காட்டும். மதில் எங்கே நிற்கிறது என்று காட்டாது. அதைக் காட்டுவது புலப்படம். ஒவ்வொரு புல எண்ணுக்கும் கற்கள் எங்கெங்கே, அவற்றிடையே தொலைவு எவ்வளவு என்று அதில் குறித்திருக்கும். அதனை இப்போது இங்கிருந்தபடியே இணையத்திற் பார்க்கலாம். மனைக்கு உட்பிரிவு இன்னும் ஆகாதிருப்பின், அதில் தாய்ப் புலம் மட்டுமே தெரியும். அப்போது அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தையும் கேட்டு வாங்க வேண்டும்.

முன்பணத்துக்கு மேல் எதுவும் கொடுக்குமுன், அரசு நில அளவரைக் கொண்டு அளக்கச் செய்ய வேண்டும். பட்டா விற்பவர் பெயரில் இருத்தலின், அவரையே கட்டணம் கட்டி விண்ணப்பிக்கச் சொல்லலாம். பக்கத்து நிலத்தாருக்கும் அறிவித்து, அவர்கள் முன்னிலையில் அளத்தலே நன்று. பின்னர்ப் பத்திரத்தில் நான்கெல்லையோடு நான்கு பக்க அளவுகளையும் தவறாமல் எழுத வேண்டும்.

தொலைவில் வாழும் நமக்கு இன்னுமோர் இடருண்டு. பிறரொருவர் நம் நிலத்தை உரிமையாளருக்கு எதிராக, வெளிப்படையாகவும் இடைவிடாமலும் 12 ஆண்டுகள் அனுபவித்துவிட்டால், 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி நாம் அதை மீட்கும் உரிமையை இழக்க நேரலாம். ஆதலின் ஊர் செல்லுந்தோறும் கோயிலுக்குப் போவதுபோல் மனைக்கும் போய்க் கற்களைப் பார்த்து வருவோம்.

1802-ஆம் ஆண்டு பரங்கிமலையருகே லாம்டன் என்பார் ஏழரை மைல் அடிக்கோட்டை அளந்ததிலிருந்தே இந்தியப் பெருநில அளவை தொடங்கிற்று. நாட்டை அளக்கத் தொடங்கிய மண்ணிற் பிறந்த நாம், நம் மனையை அளக்க நாணலாமா? உறவினர் முன் ஒரு நாள் கூசாமற் கேட்டிருந்தால், அம்மாவுக்கு ஓர் அறை இருந்திருக்கும். அந்த நாணத்தை நீங்கள் விடுக என்று வேண்டி அமர்கிறோம்.