வரவேற்பு மேசைக்குப் பின்னால்

பிரிட்டனில் குடும்ப மருத்துவரைப் பார்க்க நினைப்பவர் முதலில் பேசுவது பெரும்பாலும் வரவேற்புப் பணியாளரிடம்தான். 1948இல் தேசிய சுகாதாரச் சேவை தொடங்கியது முதல் அங்கே குடும்ப மருத்துவருக்குக் கட்டணம் கிடையாது. அதனால் இந்த மேசையில் பங்கிடப்படுவது மருத்துவரின் நேரம்தான்.

காலை 8 மணிக்குத் தொலைபேசி விடாமல் மணியடிக்கும். "என்ன தொந்தரவு என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?" என்று பணியாளர் கேட்பார். இவருக்கு எதற்கு இந்த விசாரணை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பதிலை வைத்துத்தான் வழி பிரிகிறது. கடும் நெஞ்சுவலி என்றால் உடனே 999 என்ற அவசர உதவி எண். புண்ணுக்குக் கட்டு மாற்ற நர்ஸ். தொண்டைவலி, காதுவலி உள்ளிட்ட 7 தொல்லைகளுக்கு இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல், வரையறைக்கு உட்பட்டு, மருந்தாளுநரே மருந்து தரலாம். நோயைக் கண்டறிவது பணியாளரின் பொறுப்பல்ல. கேட்டு, குறித்து, உரியவரிடம் அனுப்புவதே. இந்த வழிகாட்டும் வேலையில் பயிற்சி தர 2016இல் இங்கிலாந்தில் தனி நிதியே ஒதுக்கப்பட்டது.

புதியவர்களைப் பதிவது, தொடர் மருந்துச் சீட்டுக் கோரிக்கைகளை மருத்துவரிடம் சேர்ப்பது, மருத்துவமனைக் கடிதங்களைக் கோப்பில் ஏற்றுவது ஆகியவையும் இவர்கள் கையில்தான்.

எல்லாவற்றிலும் நுட்பமானது ரகசியம் காப்பது. வளர்ந்த மகனின் ரத்தப் பரிசோதனை முடிவைத் தாயே கேட்டாலும், மகன் சம்மதிக்காமல் சொல்லக்கூடாது. வரிசையில் அடுத்தவர் காதில் விழாதபடி பணியாளர் குரலைத் தாழ்த்துவார். தேவைப்பட்டால் தனி அறைக்கு அழைத்துப் போவார்.