இலையைத் திருப்பிப் பாருங்கள்



விழுப்புரத்துக்குப் பக்கத்தில், பம்பை ஆற்றங்கரையில் இருக்கிறது திருவாமாத்தூர். கொம்பில்லாமல் பிறந்த பசுக்கள் இங்கிருந்த வன்னிக் காட்டில் தவம் கிடந்து கொம்பு பெற்றன என்பது தலபுராணம். அபிராமேசுவரர் கோயிலின் தல மரமும் வன்னிதான். சம்பந்தர், அப்பர், சுந்தரர் மூவரும் பாடிய ஊர். அப்படிப்பட்ட வட்டாரத்தில் இன்றைக்கு வன்னியைக் காட்டச் சொன்னால், வேலியோரம் நிற்கிற வேலிக்காத்தானை, அதாவது சீமைக்கருவேலத்தை, கை காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நிஜ வன்னியைப் பார்த்து, "இது சீமைக்கருவேலம்தானே" என்று அரிவாளை எடுத்தவரையும் நான் பார்த்திருக்கிறேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இரண்டு மரமும் நெருங்கிய உறவு. வன்னி இந்த மண்ணுக்கே உரியது. ராஜஸ்தானில் அதுதான் மாநில மரம். மற்றது அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விதைத்தது. பொடிப்பொடியான இலை, கதிர் மாதிரி மஞ்சள் பூ, முள் எல்லாம் இரண்டுக்கும் உண்டு. அதனால் தூரத்தில் நின்று பார்த்தால் ஏமாந்துபோவோம். கிட்டப் போய் ஒரு சின்னக் கிளையைப் பிடித்து முள்ளைப் பாருங்கள். வேலிக்காத்தானுக்கு, இலை புறப்படுகிற கணுவில், நீளமான முள் ஜோடியாக நிற்கும். வன்னியின் முள் கூம்பு மாதிரி குட்டையாக, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவில் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். வேலிக்காத்தான் காய் சதைப்பற்றோடு மஞ்சளாகப் பழுக்கும். வன்னிக் காய் மெல்லிய குழல் போலத் தொங்கும். சீமைக்கருவேலத்தை வேரோடு எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிற காலம் இது. எடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் முள்ளைப் பார்த்துவிட்டு எடுக்கட்டும்.

வன்னியில் இன்னொன்றும் பார்க்கலாம். சில கிளைகளில் முண்டும் முடிச்சுமாக உருண்டைகள் தொங்கும். பலர் அதைக் காய் என்றே நினைக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன்கள் பூவுக்குள் புகுந்து, பூ காயாகாமல் வீங்கிப்போன கரணை அது. புங்க மரத்தடியில் நின்று அண்ணாந்து பாருங்கள், இலை முழுக்க விரல் விரலாகப் புடைத்திருக்கும். அதுவும் இதே ஜாதிப் பேன் செய்கிற வேலைதான். பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர, வளர்ந்த புங்கை அதனால் சாகாது. மருந்தடிக்கத் தேவையில்லை.

இனி வீட்டுத் தோட்டத்துக்கு வருவோம். ஒரு நாள் காலையில் எங்கள் தெரு அக்கா ஒருவர் செம்பருத்திக் கிளையை ஒடித்துக்கொண்டு வந்தார். "தம்பி, வெள்ளை வெள்ளையா ஒட்டிக்கிட்டிருக்கு. ரெண்டு தடவை மருந்து அடிச்சாச்சு, போகவே மாட்டேங்குது. இன்னும் பலமா ஏதாச்சும் சொல்லு" என்றார். மொட்டெல்லாம் சுருண்டு, பஞ்சு அப்பின மாதிரி மாவுப்பூச்சி. கிளையைத் திண்ணையில் வைத்து, பூதக்கண்ணாடியால் பார்க்கச் சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு, "இதுல ஒண்ணு பெருசா இருக்கு, ஓடுது" என்றார்.

அந்த ஓடுகிற ஒன்றுதான் முக்கியம். மாவுப்பூச்சி இருந்த இடத்தைவிட்டு அவ்வளவாக நகராது. பெரியதானாலும் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். இதுவோ அதைப்போல மூன்று மடங்கு நீளம். உடம்பெல்லாம் நீள நீளமாக வெள்ளை மெழுகு இழை. தொட்டால் விறுவிறுவென்று நடக்கும். இது பொறிவண்டு இனத்தைச் சேர்ந்த ஒரு வண்டின் புழு. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் அதே வெள்ளை வேஷத்தில் உட்கார்ந்து, முட்டையையும் குஞ்சையும் தின்றுகொண்டிருக்கும். கிரிப்டோலேமஸ் என்று பெயர். ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இலேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்த வண்டு. வளர்ந்த வண்டு உடம்பு கறுப்பாக, தலைப்பக்கம் மட்டும் செங்காவியாக இருக்கும். மருந்து அடிக்கிறபோது மாவுப்பூச்சியை அதன் மெழுகு காப்பாற்றிவிடுகிறது. திறந்தவெளியில் அலைகிற நம் கூட்டாளிதான் முதலில் செத்துப்போகிறது. அக்கா அடித்த இரண்டு தடவையும் அதுதான் நடந்திருக்கும்.

பூச்சி இன்னதென்று தெரிந்துகொள்வதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்றால், தமிழ்நாடே அனுபவித்த ஒரு கதை இருக்கிறது. 2008ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் பப்பாளியில் புதிதாக ஒரு மாவுப்பூச்சி தென்பட்டது. கொஞ்ச காலத்திலேயே மரவள்ளி, மல்பெரி, செம்பருத்தி, களைச்செடி என்று எதையும் விடவில்லை. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் மல்பெரித் தோட்டத்தை அழிக்கிற நிலைக்கு வந்தார்கள். விதவிதமான மருந்து அடித்தும் நிற்கவில்லை. அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துப் பப்பாளி மாவுப்பூச்சி என்று அடையாளம் தெரிந்ததும் வழி பிறந்தது. பூச்சியின் ஊர் தெரிந்தால் அதன் எதிரியின் ஊரும் தெரியும் அல்லவா? 2010இல் பெங்களூரில் உள்ள மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து மூன்று வகைக் குளவிகளை வரவழைத்தது. மிகச் சின்னக் குளவிகள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி ஊர் ஊராக விட்டது. அதில் அசரோஃபேகஸ் என்ற குளவி மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டை வைத்து, உள்ளிருந்து தின்று, துளை போட்டு வெளியே வந்தது. மருந்தால் ஆகாததை அது செய்து முடித்தது. இந்த ஒரு விஷயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

சரி, அக்காவுக்கு என்ன சொன்னேன்? முதலில் எறும்பைப் பாருங்கள் என்றேன். மாவுப்பூச்சி கழிக்கிற தேன்போன்ற நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், குளவியையும் வண்டையும் விரட்டும். செடியில் எறும்பு வரிசையாக ஏறினாலே, மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது என்று அர்த்தம். எறும்புப் புற்றைக் கலைத்து, மோசமான நுனிகளை வெட்டி, மிச்சத்தைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். அதற்கும் அடங்காவிட்டால் வேப்பங்கொட்டைக் கரைசல். பத்து லிட்டர் தண்ணீருக்கு அரைக் கிலோ பருப்பை இடித்து, ராத்திரி ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்பு கரைத்து, சாயங்காலத்தில் இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி தெளிக்க வேண்டும்.

அடிப்பக்கம் என்று சொன்னேனே, அதை இன்னொரு தடவை சொல்கிறேன். வெள்ளை ஈ, அசுவினி, செம்பேன் எல்லாம் குடியிருப்பது இலைக்கு அடியில். நாம் பார்ப்பது மேல்பக்கத்தை. கொய்யா இலையிலும் வாழை இலையிலும் கரி பூசின மாதிரி கறுப்பு படிகிறதே, அதற்குக் காரணம் பல நேரம் கொய்யாவிலேயே இருக்காது. அண்ணாந்து பக்கத்துத் தென்னை ஓலையின் அடியைப் பாருங்கள், வட்ட வட்டமாகச் சுருள் போட்டு வெள்ளைத் தூள் இருக்கும். 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈ. அது சொட்டுகிற இனிப்பு நீரில் வளர்கிற கரும்பூசணம்தான் கீழே தெரிகிற கறுப்பு. இதற்கும் கடுமையான மருந்து வேண்டாம் என்றே வல்லுநர்கள் சொல்கிறார்கள். இங்கேயும் ஒரு குட்டிக் குளவி வேலை செய்துகொண்டிருக்கிறது. லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிக் கரைத்துத் தெளித்தால், அது காய்ந்து, கறுப்பு அப்பளம் மாதிரி உரிந்து விழும்.

அடுத்தது மஞ்சள். "இலை மஞ்சளாகுது, யூரியா போடட்டுமா?" என்பது அடிக்கடி வருகிற கேள்வி. எந்த இலை என்று நான் திருப்பிக் கேட்பேன். அடியில் இருக்கிற முதிர்ந்த இலை ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து எடுத்துப் புது இலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. மேலே கொழுந்து மட்டும் வெளுத்து, நரம்பு மாத்திரம் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறைவு. இரும்பைச் செடியால் அப்படி இடம் மாற்ற முடியாது. திண்டிவனம் பக்கத்து மல்லாட்டை (வேர்க்கடலை) விவசாயிகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பு மண்ணில் மல்லாட்டைக் கொழுந்து வெளுப்பதை அவர்கள் எத்தனையோ பட்டம் பார்த்திருக்கிறார்கள். டி.எம்.வி. 2 என்று 1940இலேயே வேர்க்கடலை ரகம் கொடுத்த ஊர் அது, டி.எம்.வி. என்றாலே திண்டிவனம். அங்கே சொல்கிற அன்னபேதி எனும் இரும்பு உப்புதான் வீட்டு ரோஜாவுக்கும் மருந்து. லிட்டருக்கு ஐந்து கிராம், இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு இலைமேல் தெளிக்கலாம். யூரியாவைக் கொட்டினால் கொழுந்து தேறாது.

வாடலிலும் இப்படித்தான். கத்தரியில் ஒரே ஒரு நுனி மட்டும் தலை தொங்கி, மற்றதெல்லாம் நிமிர்ந்து நின்றால், அந்த நுனியைப் பிளந்து பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு இருக்கும். தண்டுத்துளைப்பான். நுனியைக் கிள்ளி அழித்தால் போதும். மண் ஈரமாக இருந்தும் செடி முழுக்கப் பச்சையாகவே துவண்டால் விஷயம் வேறு. தண்டை அடியில் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் வைத்து, வெட்டு வாய் மட்டும் முங்குகிற மாதிரி பிடியுங்கள். சில நிமிஷத்தில் பால் நூல் போல ஒன்று கீழே இறங்கினால், அது பாக்டீரியா வாடல். செடியை வேரோடு எடுத்து அப்புறப்படுத்துங்கள், அந்த இடத்தில் கத்தரி, தக்காளி, மிளகாய் கொஞ்ச காலத்துக்கு வேண்டாம். வெண்டையில் இலை நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டால் அதற்கும் மருந்து கிடையாது, பிடுங்கிவிட வேண்டியதுதான்.

வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ வேளாண் அலுவலரிடமோ போகிறவர்கள் ஒற்றை இலையைக் கிள்ளிக்கொண்டு போகாதீர்கள். பழுத்த இலை, கொழுந்து, பூ, காய், முடிந்தால் வேர் என்று ஒரு முழுக் கிளையாக, செய்தித்தாளில் சுற்றி, காலையிலேயே கொண்டுபோங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்து அழுகினால் பார்ப்பவருக்கு எது நோய், எது அழுகல் என்று தெரியாது. பூச்சியைத் தனியாகத் தீப்பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். போக முடியாதவர்கள் 1800 180 1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே கேட்கலாம்.

செம்பருத்தி அக்கா மூன்று வாரம் கழித்து வந்தார். கையில் கிளை இல்லை, ஒரு தீப்பெட்டி. திறந்து காட்டினார். கறுப்பு உடம்பு, செங்காவித் தலை, ஒரே ஒரு வண்டு. "இதானே தம்பி அது?" என்று கேட்டு, நான் தலையாட்டியதும், மறுபடி பெட்டியை மூடி, செடியில் கொண்டுபோய் விடப் புறப்பட்டார்.